மீனும் கீரையும்

காவிரி நீர் எத்தனையோ மதகுகளையும் மடைகளையும் கடந்து, எத்தனையோ வயல்களின் தாகந் தீர்த்து, எஞ்சியது எஞ்சியபடி இறுதியில் வந்து சேரும் நிலம் எங்கள் காரைக்கால். 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் முதல் நாளில் இந்திய ஆட்சியின்கீழ் வந்து, 1962-இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த சிறு நிலப்பகுதி இது. ஆட்சியெல்லை எவ்வாறு மாறினும் நீர்க்கணக்கில் நாங்கள் கடைமடையாரே. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் புதுவை ஆட்சிப்பகுதிக்கு ஆண்டொன்றுக்கு 7 டி.எம்.சி. நீர் உரியதெனத் தீர்ப்பளித்தது. 2018-இல் உச்சநீதிமன்றமும் அவ்வளவை மாற்றாது விட்டது. ஆயினும், ஏட்டில் உள்ள நீர் வேறு, வாய்க்காலில் வரும் நீர் வேறு என்பதைக் கடைமடையிற் பிறந்த குழந்தையும் அறியும். ஆதலின், கைக்கு வந்த நீரை ஒருமுறை பயன்படுத்தி விட்டுவிடுதல் எங்களுக்குத் தகாது; ஒரே நீரைப் பன்முறை வேலை வாங்கக் கற்றாக வேண்டும். அத்தகைய வழியொன்றை எங்கள் வீட்டுக் கொல்லையில் அமைத்துப் பார்த்த வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தேன்.

எங்கள் வீடு அரசலாற்றின் கழிமுகத்துக்கு அணித்தே உள்ளது. கொல்லையில் ஒரு கிணறும், அதனைச் சார்ந்து என் பாட்டியார் பேணிய கீரைப்பாத்திகளும் இருந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கியபோது உயிர்ச்சேதமின்றி நாங்கள் தப்பினோம், கிணறு தப்பவில்லை. பலமுறை இறைத்தும் அதன் உவர்ப்பு முற்றும் நீங்கவில்லை. விதைத்த கீரை ஒரு விரற்கடை எழும்பிக் கருகிவிடும். மூன்று பருவம் முயன்று பார்த்துப் பாட்டியார் விதை முடிச்சைப் பரணில் வைத்துவிட்டார். அதைப்பற்றி அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. மாலைதோறும் கொல்லைப்படியில் அமரும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டார். 2017-இல், மாணவனாயிருந்த யான் இம்முயற்சியில் இறங்கியதற்கு, படித்த நூல்களினும் அவ்வெறும்படியே பெரிய காரணம் எனலாம்.

மீனையும் பயிரையும் ஒரே நீரில் இணைத்து வளர்க்கும் இம்முறைக்கு இக்காலத்தார் 'அக்குவாபோனிக்ஸ்' எனப் பெயரிட்டனர். பெயர் புதிது, கருத்துப் பழையது. சீன தேசத்தில் சிங்தியான் வட்டாரத்து நெல்வயல் மீன்வளர்ப்பை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2005-இல் உலக வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. அருணாசலப் பிரதேசத்து அபதானி மக்களும் வயலில் நெல்லோடு மீன் வளர்க்கின்றனர். நம் பக்கத்திலும், பூச்சிமருந்து பெருகுமுன், சம்பா வயலில் நீரோடு வந்து புகுந்த கெண்டையும் விராலும் கெளுத்தியும் உழவர் வீட்டுக் குழம்புக்கு உரியனவாய் இருந்தனவன்றோ?

இதன் உட்பொருள் எளியது. மீன் கழிக்கும் அம்மோனியா மீனுக்கே நஞ்சாகும். ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். அது பயிர்க்கு உணவு. இவ்விரு தொழிலையும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் செய்கின்றன என்பதை ருஷ்ய அறிஞர் வினொகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டை ஒட்டி ஆராய்ந்து காட்டினார். பயிர் தன் பங்கை உண்டபின், நீர் மீண்டும் மீனுக்கே திரும்பும்.

இனி, அமைத்த விதம். நான்கடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள சிமெண்டுக் கிணற்று உறைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் தளமிட்டு, இடுக்குகளைப் பூசினோம். இரண்டரையடி உயரம் நிரப்பினால் சுமார் 900 லிட்டர் நீர் கொள்ளும். புதுச் சிமெண்டின் காரம் மீனுக்கு ஆகாது. ஆதலால் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு நீர் நிரப்பி ஊறவைத்து, அந்நீரைப் பலமுறை இறைத்துக் கொட்டினோம். அதன்பின் நிரப்பியது கூரையினின்று பிடித்த ஐப்பசி மழைநீர். கிணற்றின் உவர்நீரைப் பயிர் பொறுக்காது.

200 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பீப்பாய்கள் இரண்டை நெடுக்கே பிளந்து நான்கு தொட்டிகளாக்கி, தொட்டியினும் உயர்ந்த செங்கல் மேடையில் வைத்து, முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லியை நிரப்பினோம். கடலோரத்து ஜல்லியில் கிளிஞ்சல் கலந்திருக்கும். அதன் சுண்ணாம்பு நீரின் காரத்தை ஏற்றிவிடும். ஒரு பிடி ஜல்லியில் காடியை ஊற்றினால், நுரைப்பது தள்ளத்தக்கது, நுரையாதது கொள்ளத்தக்கது. 40 வாட் மோட்டார் ஒன்று மணிக்குக் கால்மணி நேரம் ஓடி நீரை ஜல்லியின்மேல் ஏற்றும். ஏறிய நீர் அடித்துளை வழியே மெல்ல வடிந்து மீன்தொட்டியில் விழும். இதற்காகும் மின்சாரம் நாளொன்றுக்குக் கால் யூனிட்டே.

இவ்வேலைகளில் மிகக் கடியது கட்டுவதன்று, காத்திருப்பதே. நுண்ணுயிர்கள் ஜல்லியில் குடியேறிப் பெருகச் சில வாரம் ஆகும். அதுவரை மீன் விடலாகாது. எனினும் அவற்றுக்கு உணவு வேண்டும். ஆதலின், மீனுணவைச் சிறிது சிறிதாக நீரிலிட்டு அழுகவைத்தேன். இதனைக் கண்ட பாட்டியார், “மீனில்லாத தண்ணீருக்கு இரை போடுகிறாயே தம்பி, யாருக்கடா இந்த விருந்து?” என்றார். “கண்ணுக்குத் தெரியாத கூலியாட்களுக்கு, அப்பாயி” என்றேன். சோதனைச் சொட்டுமருந்தின் நிறத்தைக் கொண்டு நாடோறும் குறித்து வந்தேன். முதலில் அம்மோனியா ஏறி இறங்கியது. பின்னர் நைட்ரைட்டு ஏறி இறங்கியது. ஐந்தாம் வாரத்தில் நைட்ரேட்டு மட்டும் நின்றது. பொறுத்தார் பூமியாள்வார் என்பது எத்துணை உண்மை!

மீனுக்கு அயல்நாடு தேடாது, எங்கள் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டையையே தெரிந்தெடுத்தேன். இம்மீனின் புகழ் பரவியது எங்கள் அண்டையூராகிய தரங்கம்பாடியிலிருந்தே. 1791-இல் டால்டார்ஃப் என்னும் டேனியப் படை அதிகாரி அங்கே இது பனையில் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797-இல் லண்டன் லின்னேயச் சங்கத்து வெளியீட்டில் வந்தது. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த ஜான் பாதிரியார் இவ்வட்டாரத்து மீன்களைத் திரட்டிப் பெர்லின் நகரத்துப் புளோக் என்னும் அறிஞருக்கு அனுப்பி வந்தார். 1792-இல் இம்மீனுக்கு இலத்தீன் பெயரிட்டவர் அப்புளோக்கே. மரமேறுதலைப் பின்வந்தோர் பலர் ஐயுற்றனர். ஆயினும், ஈரத்தரையில் செவுள்மூடியை ஊன்றி நடப்பதும், நீரின்மேல் வந்து காற்றை விழுங்கி உயிர்ப்பதும் மெய். ஆதலால் தொட்டியைப் பழைய வலைத்துண்டால் மூடிவைத்தோம்.

மீன் விட்ட மறுவாரம் பாட்டியார் பரணிலிருந்த விதை முடிச்சை எடுத்து வந்தார். பல்லாண்டு கிடந்த அவ்விதை முளைக்கவில்லை. உடனே திருநள்ளாற்று உறவினரிடம் புதுவிதை சொல்லியனுப்பினார். நான்காம் வாரத்தில் சிறுகீரை அறுத்தோம்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. எங்கள் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. காற்றை விழுங்கும் மீன் தாக்குப்பிடிக்கும். ஜல்லியில் வாழும் நுண்ணுயிர்களோ ஈரமும் காற்றும் ஒருங்கே இன்றி வாழா. இரையை நிறுத்திவிட்டு, மணிக்கொருமுறை குடத்தால் மொண்டு ஜல்லியின்மேல் ஊற்றினோம். நள்ளிரவில் யான் அயர்ந்த வேளையில், பாட்டியார் அரிக்கேன் விளக்குடன் எழுந்து தம் முறையைச் செய்தார், “கூலியாட்களைப் பட்டினி போடலாமா?” என்பது அவர் கேட்ட கேள்வி. ஐந்தாம் நாள் சோதித்தபோது நீர் முன்போலவே இருந்தது.

பயனையும் உள்ளவாறே உரைப்பேன். நூறு குஞ்சு விட்டதில் பத்துமாதத்தில் கிடைத்த மீன் ஐந்து கிலோ. இரைச்செலவைக் கூட்டினால் கடைவிலைக்குக் குறையவில்லை. மீனவர் நிறைந்த ஊரில் மீன் விற்கும் எண்ணத்தோடு இதனைத் தொடங்கவேண்டா. ஆதாயம் கீரையில் உண்டு. கத்தரியும் மிளகாயும் காய்த்தன. இரும்புச்சத்துக் குறைந்து இளந்தளிர் வெளிறுவதுண்டு. அதற்குரிய உப்பைச் சிற்றளவில் சேர்க்க வேண்டும். பூச்சிமருந்தோ அறவே ஆகாது: இலைக்குத் தெளிப்பது மீனின் செவுளுக்குச் சென்று சேரும். நீர்ச்செலவு நாளுக்கு ஒன்றிரண்டு குடமே. பாத்தி நாட்களில் எங்கள் கீரை அதனைப் போற் பன்மடங்கு குடித்தது.

இச்சிறு தொட்டி காவிரிக்கு ஈடாகாது; நெல்விளைக்கவும் உதவாது. உவரேறிய கொல்லையைக் கண்டு, இனி இங்கு ஒன்றும் விளையாதென்று வீட்டை விற்றுப் புறப்படுவார் எங்கள் கரையோரத்தில் பலர். அவர்க்குக் காட்ட இவ்வளவேனும் ஒரு சான்று கைவசமிருப்பது நன்று. மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், உங்கள் கொல்லைக் கிணற்று நீரை ஒரு துளி நாவிலிட்டுப் பாருங்கள். அது உவர்த்தால், வருகின்ற ஐப்பசிக்குமுன் கூரைக்கு ஒரு குழாய் பொருத்துங்கள். எஞ்சியவற்றை மீனும், கீரையும், அக்கூலியாட்களும் உங்களுக்குக் கற்பிப்பார்கள்.