நேதாஜி சாகவில்லை என்றவர்கள்

1945 ஆகஸ்ட் 18, தைபே விமான விபத்தில் நேதாஜி இறந்தார் என்பதை நம் ஊரிலும் பலர் ஏற்கவில்லை. முத்துராமலிங்கத் தேவரே அவர் உயிரோடு இருப்பதாகச் சொன்னார். மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் ஐ.என்.ஏ. படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களுக்கு, அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு விபத்தில் போய்விட்டார் என்றால் மனசு ஒப்புமா? பெரிய ஆளுக்குப் பெரிய காரணம் கேட்கும் மனசு அது. எனக்கும் அது உண்டு.

அரசு மட்டும் என்ன செய்தது? விசாரிக்க அது அமைத்த ஷா நவாஸ் குழுவும் கோஸ்லா கமிஷனும் விபத்து உண்மை என்றன. முகர்ஜி கமிஷன் இல்லை என்றது. 2006இல் அரசு அதை நிராகரித்தது. மத்திய அரசின் ரகசியக் கோப்புகள் 2016இல்தான் பெருமளவில் வெளிவந்தன. இத்தனை வருஷம் பூட்டி வைத்துவிட்டு, சந்தேகப்பட்டவனை முட்டாள் என்பது நியாயமில்லை.

ஆனால் இன்றும் ‘எதையோ ஒளிக்கிறார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் நண்பர்களே, எந்த ஆதாரம் வந்தால் நம்புவீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.