கடனை முழம் போடுவது எப்படி?

சயின்டிஃபிக் கால்குலேட்டரில் 'லாக்', 'எல்.என்.' என்று இரண்டு பட்டன்கள் உண்டு. வாங்கிய அன்றைய மெருகு குலையாமல் இருப்பவை அவைதான். என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்கு லாகரிதம் என்பது பள்ளிக்கூடத்திலேயே கிளார்க்ஸ் டேபிளோடு மூட்டை கட்டி வைத்த சமாசாரம்.

அந்த மூட்டையை அவிழ்க்க வைத்தவர் ஒரு நண்பர். அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட். கிரெடிட் கார்டில் ஐம்பதாயிரம் பாக்கி, மாதம் 3 சதவிகித வட்டி. பாங்க்கில் ஐம்பதாயிரம் டெபாசிட், வருஷம் 7 சதவிகிதம்.

"டெபாசிட் தங்கச்சி கல்யாணத்துக்கு சார், தொடமாட்டேன். கார்டு மூணு பர்சென்ட்தானே, மெதுவா கட்டிக்கலாம்" என்றார்.

ஏழைவிட மூன்று சின்னதுதான். ஆனால் ஒன்று வருஷக் கணக்கு, மற்றது மாசக் கணக்கு ஆச்சே! கேட்க வேண்டிய கேள்வி: ஒன்றுமே கட்டாமல் விட்டால் (விடமாட்டார்கள், போன் மேல் போன் வரும்!) கடன் எத்தனை மாதத்தில் இரட்டிக்கும்? அதாவது, 1.03-ஐ எத்தனை தடவை பெருக்கினால் 2 வரும்? கணக்கு வாத்தியார் பாஷையில், 1.03 அடிமானத்துக்கு 2-இன் மடக்கை.

கால்குலேட்டரில் 1.03-க்குப் பட்டன் கிடையாது. 1614-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் லாகரிதத்தை வெளியிட்டார். லண்டனிலிருந்து ஹென்றி பிரிக்ஸ் அவரைத் தேடிப் போய்ப் பேசி, 1617-ல் 10-ஐ அடிமானமாக வைத்து அட்டவணை போட்டார். நம் 'லாக்' பட்டன் அந்த வம்சம். 'எல்.என்.'-க்கு அடிமானம் 2.718 சொச்சம்.

கவலை வேண்டாம். முப்பது அடிச் சுவர் எத்தனை முழம்? பூக்காரம்மாவைக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரு முழம் ஒன்றரை அடி. முப்பதை ஒன்றரையால் வகுத்தால் இருபது முழம். இரண்டையும் ஒரே ஸ்கேலில் அளந்தால் போதும். இங்கேயும் அதேதான். 2-இன் லாக் 0.30103. 1.03-இன் லாக் 0.012837. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 23.45 மாதம். 'எல்.என்.' பட்டனில் போட்டாலும் அதே விடைதான். ஸ்கேல் மாறினால் சுவர் நீளுமா என்ன? ஒன்று மட்டும் ஞாபகம்: தனித்தனியாக லாக் எடுத்த பிறகுதான் வகுக்க வேண்டும். 2-ஐ 1.03-ஆல் வகுத்துவிட்டு லாக் எடுத்தால் அது வேறு கணக்கு.

டெபாசிட்டுக்கு? 0.30103-ஐ 1.07-இன் லாக்கான 0.029384-ஆல் வகுத்தால் 10.24 வருஷம். டெபாசிட் ஒரு தடவை இரட்டிப்பதற்குள் கடன் ஐந்து தடவை இரட்டித்துவிடும். ஐந்து மடங்கு இல்லை சார், முப்பத்திரண்டு மடங்கு!

நண்பர் கால்குலேட்டரை வாங்கித் தானே இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். மறுநாள் டெபாசிட்டை உடைத்துக் கார்டை அடைத்தார். இப்போது தங்கச்சி பேரில் மாதாமாதம் ஆர்.டி. கட்டுகிறார்.

உங்கள் கார்டு வட்டி எவ்வளவு? அந்தப் புதுப் பட்டனை ஒரு தடவை தட்டிப் பாருங்களேன். தேயாது!