வாயில்லா ஜீவனின் தூய்மை

தூய்மையைப் பற்றி நமக்கு எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. நாளுக்கு ஐவேளை ஒளுச் செய்கின்ற சமுதாயம் நம்முடையது. வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் நகம் வெட்டுவதும், குளிப்பதும், வெளுத்த ஆடை அணிவதும் நம் இல்லங்களில் வழிவழியாக வந்த பழக்கங்கள். ஆனால், நாம் வளர்க்கும் பிராணிக்கு எது தூய்மை என்று கேட்டால், அதற்கும் தண்ணீரையே விடையாகச் சொல்லிவிடுகிறோம்.

பிள்ளைகளின் பிடிவாதத்தால் நமது இல்லத்திற்குக் கினிப் பன்றிகள் இரண்டு வந்து சேர்ந்தன. பெயரைக் கேட்டதுமே பெத்தும்மா, "அந்தப் பேருள்ளதை வாசப்படி ஏத்தாதீங்க!" என்று தடுத்துவிட்டார்கள். பெயரில்தான் பன்றி இருக்கிறதேயன்றி, அது எலியையும் அணிலையும் போன்ற கொறிக்கும் இனம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்து வந்த அந்தப் பிராணி, 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்தது. இதை விளக்கிய பின்னர், "அப்படியானால் சீமை எலி என்றே கூப்பிடுங்கள்" என்று பெத்தும்மா இசைந்தார்கள்.

விற்றவரோ, வாரந்தோறும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டும்படி சொல்லியனுப்பினார். கால்நடை மருத்துவர் அதனைத் தடுத்தார். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டுவிடும். ஈரத்தால் குளிர் தாக்கும். அச்சத்தால் அது நடுங்கும். தன் உடலைத் தானே நக்கித் துப்புரவு செய்துகொள்வது அதன் இயல்பு. பின்புறம் அழுக்கடைந்தால் மட்டும் வெதுவெதுப்பான நீரால் அவ்விடத்தைக் கழுவி, உடனே துவட்டிவிட வேண்டும். குட்டை மயிர் உடையதற்கு வாரம் ஒருமுறை சீவினால் போதும். நீண்ட மயிர் உடையதற்கு அன்றாடம் சீவ வேண்டும்.

குளிப்பு வேண்டியது பிராணிக்கன்று, அதன் கூண்டுக்குத்தான். நனைந்த வைக்கோலை நாள்தோறும் அகற்றி, வாரம் ஒருமுறை கூண்டு முழுவதையும் கழுவிக் காயவைக்க வேண்டும். தேங்கிய சிறுநீரின் நெடி அதன் நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்தரையில் நின்றால் பாதங்கள் சிவந்து புண்ணாகும். அழுக்கில் ஈ முட்டையிட்டுவிட்டாலோ, புழு பிடித்து உயிருக்கே ஆபத்தாகும்.

நமக்கும் இதில் பேணுதல் உண்டு. அதன் சிறுநீர் பட்ட ஆடையைக் கழுவாமல் தொழுகைக்கு நிற்கலாகாது. ஆகவே, மடியில் விரிப்பதற்கெனத் தனித்துணி வைத்திருக்கிறோம். படர்தாமரை அதனிடமிருந்து மனிதருக்கும் தொற்றும்; எனவே, தொட்ட பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது கட்டாயம்.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகள் நகம் வெட்டிய கையோடு சீமை எலிகளையும் மடியில் எடுத்துப் பார்க்கின்றனர். முன்கால்களில் நான்கு நான்காகவும், பின்கால்களில் மூன்று மூன்றாகவும் 14 நகங்கள். மாதம் ஒருமுறை, உள்ளே ஓடும் இரத்த நாளத்தைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டுகிறோம். பின்பு சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்கிறோம்.

அப்படி ஒரு வெள்ளியன்று, 900 கிராம் இருந்த ஒன்று 820 கிராமாகக் குறைந்திருந்தது. வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணியாதலால், நோயை மறைப்பது அதன் சுபாவம். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தபோது, கடைவாய்ப் பற்கள் வளர்ந்து நாவை உறுத்திக்கொண்டிருந்தன. அதன் பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவை. அவற்றைச் சீர்செய்த பின்னரே அது பழையபடி புல் தின்றது. இன்னும் சில நாள் சென்றிருந்தால் பட்டினியாலேயே மடிந்திருக்கும்.

அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்த சிறு பறவையைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்தார்கள். பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நேர்ந்த வேதனையையும் அவர்களே எச்சரித்தார்கள். வளர்ப்பதற்கு அனுமதியும் உண்டு. வளர்ப்பவருக்குக் கேள்வியும் உண்டு.

சீமை எலி ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழும். பிள்ளைகளின் ஆசையோ சில மாதங்களில் தணிந்துவிடக்கூடும். வாங்குமுன் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும். கூண்டுக்குள் இருப்பது விளையாட்டுப் பொருளன்று. அது ஓர் அமானத். அதனைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் யாவருக்கும் நல்லுதவி புரிவானாக!