தாத்தாவிடம் கேட்டு வா

நான் பாடம் நடத்துகிற தேர்வை எங்கள் ஊரில் யாரும் எழுதுவதில்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேர எம்கேட் என்றொரு நுழைவுத் தேர்வு உண்டு. கனடாவிலும் பல கல்லூரிகள் அதைக் கேட்கின்றன. நான்கு பகுதிகள். முதல் மூன்றும் அறிவியலும் வாசிப்புத் திறனும். நான்காவது பகுதி உளவியலும் சமூகவியலும். 95 நிமிடத்தில் 59 கேள்விகள். மதிப்பெண் 118இல் தொடங்கி 132இல் முடியும். பழுப்பு நிலக்கரிச் சுரங்க ஊரான நெய்வேலியின் டவுன்ஷிப்பில், குவார்ட்டர்ஸ் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, இந்த நான்காவது பகுதியை மட்டும் இணையவழி சொல்லிக்கொடுக்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலில் சமூகவியலும் பிறகு அஞ்சல் வழியில் உளவியலும் படித்தவள் நான். நியூ ஜெர்சியில் மாலை ஆறு மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே விடியற்காலை நாலரை. அந்த நேரத்தில்தான் என் வகுப்பு.

மாணவர்கள் எப்படிக் கிடைக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். நெய்வேலியில் வளர்ந்த பிள்ளைகள் இன்ஜினியரிங் முடித்து உலகம் முழுக்கப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது கல்லூரி வயதில் இருக்கிறார்கள். ஒருவர் சொல்லி இன்னொருவர் வருகிறார். என் மாணவர்களில் பாதிப் பேருக்காவது தாத்தாவோ பாட்டியோ இந்த ஊரில் ஒரு காலத்தில் வேலை பார்த்திருப்பார்கள்.

இந்தப் பகுதி எம்கேட்டில் 2015 ஏப்ரலில்தான் சேர்ந்தது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் பல ஆண்டுகள் யோசித்து எடுத்த முடிவு அது. ஒருவருக்குச் சர்க்கரை ஏறுவதற்குக் கணையம் மட்டும் காரணமில்லை. அவர் என்ன வேலை செய்கிறார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், மருந்துக் கடை எவ்வளவு தூரம், மாத்திரையைத் தொடர்ந்து போட வீட்டில் யார் நினைவூட்டுகிறார்கள் என்பதெல்லாம் அதே அளவுக்குக் காரணம். வெள்ளை அங்கி போடுவதற்கு முன்பே இதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு தேசத்தின் மருத்துவ ஆசிரியர்கள் முடிவெடுத்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் தேர்வு என்று வந்துவிட்டால் எதையும் மனப்பாடம் ஆக்கிவிட முடிகிறது. என்னிடம் வருகிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கான பிளாஷ் கார்டுகளோடு வருகிறார்கள். கான் அகாடமி வீடியோக்களிலிருந்து யாரோ எடுத்த குறிப்புகள் முந்நூறு பக்கத் தொகுப்பாக அவர்களுக்குள் சுற்றுகின்றன; அவற்றை வரி வரியாகச் சொல்வார்கள். பியாஜே, எரிக்சன், பாவ்லவ், துர்கைம், வேபர் எல்லாரும் நாக்கு நுனியில் இருப்பார்கள். பத்தி கொடுத்துக் கேள்வி கேட்டால் தடுமாறுவார்கள். ரோல் கான்ஃப்ளிக்ட், ரோல் ஸ்ட்ரெயின் என்ற இரண்டையும் குழப்பாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. வரையறையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அந்தக் குழப்பத்தைத் தீர்க்க முடியாது. நான் ஊரிலிருந்து இரண்டு பேரைச் சொல்வேன். இரவு ஷிஃப்ட் பார்க்கிற ஒரு நர்ஸ். அவர் வார்டில் நிற்கும்போது வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். தாய் என்ற இடமும் நர்ஸ் என்ற இடமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இது கான்ஃப்ளிக்ட். இன்னொருவர் சுரங்கத்தில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். கன்வேயர் பெல்ட் நிற்கவும் கூடாது, ஆளுக்கு ஆபத்து வரவும் கூடாது. அவருக்கு இடம் ஒன்றுதான். அந்த ஒன்றுக்குள்ளேயே இரண்டு பக்கமும் இழுக்கிறது. இது ஸ்ட்ரெயின். இதைக் கேட்ட பிறகு எந்தப் பிள்ளையும் குழம்பியதில்லை. தெரிந்த முகம் ஒன்று ஒட்டிக்கொண்டால் அந்தச் சொல் பிறகு மறப்பதில்லை.

ரோல் எக்ஸிட் என்று ஒன்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. நீண்ட காலம் வகித்த ஓர் இடத்தை விட்டு ஒருவர் வெளியே வருவதும், அதற்குப் பிறகு தன்னை யாரென்று புதிதாக நிறுவிக்கொள்ள வேண்டியிருப்பதும். ஹெலன் ரோஸ் எபாஃ என்ற சமூகவியலாளர் 1988இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். கன்னியாஸ்திரியாக இருந்து வெளியே வந்தவர் அவர். நியூ ஜெர்சியிலிருந்து படிக்கிற ஒரு பெண்ணுக்கு இந்தப் பாடம் வந்தபோது, அவள் தாத்தா முதல் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று எனக்குத் தெரியும். "கார்டைக் கீழே வை. தாத்தாகிட்ட போன் பண்ணி, ரிட்டயர் ஆன அன்னிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வா" என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டவுன்ஷிப் எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிந்தது. இங்கே குவார்ட்டர்ஸ் வேலையோடு வருவது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டுகள் நட்டு வளர்த்த மாமரத்தை விட்டு, காலையில் நடந்த சாலையை விட்டு, வடலூருக்கோ பண்ருட்டிக்கோ விருத்தாசலத்துக்கோ போய்விடுவார்கள். அதனால் டவுன்ஷிப்புக்குள் வயதானவர்கள் குறைவு. பெரியவர்கள் எல்லாரும் ஊரைச் சுற்றி வெளியே இருக்கிறார்கள். ஒரு ஊரில் முதியவர்களைக் காணோம் என்றால் அங்கே பிள்ளைகள் முதுமையைப் பற்றி என்ன கற்றுக்கொள்வார்கள் என்பது எனக்கு அடிக்கடி வரும் கேள்வி.

அடுத்த வகுப்புக்கு அந்தப் பெண் வந்தாள். தாத்தா சொன்னதை அப்படியே தமிழில் சொன்னாள். "நெய்வேலில இருந்தப்ப எந்த வட்டம்னு கேப்பாங்க. நம்பரைச் சொன்னா போதும், நாம யாருன்னு தெரிஞ்சிடும். இங்க எந்த ஊருன்னு கேக்கறாங்க. பொறந்த ஊரு சுரங்கத்துக்குள்ள போயிடுச்சு. வேலை பாத்த ஊரு ரிட்டயர்மென்ட்டோட போயிடுச்சு. நான் என்னத்தச் சொல்றது?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவள் கேட்டாள்: "ஆன்ட்டி, தாத்தா ரொம்ப வருஷமா தூக்க மாத்திரை போடறார். எந்த டாக்டராவது அவர்கிட்ட இதைக் கேட்டிருப்பாங்களா?"

அவள் கேட்டது தேர்வில் வராத கேள்வி. ஆனால் 59 கேள்விகளும் எதற்காக வைக்கப்பட்டனவோ, அந்த இடத்துக்கு அவள் வந்து சேர்ந்துவிட்டாள்.

அவள் தாத்தாவின் கதை இந்த ஊரின் கதை. 1935இல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ தண்ணீரோடு வந்ததிலிருந்து தொடங்குகிறது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து முதல் சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண்ணின் மேல் வீடுகள் இருந்தன, முந்திரித் தோப்புகள் இருந்தன, குலதெய்வங்கள் இருந்தன. நிலம் கொடுத்தவர்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. பலருக்குப் பணம் மட்டும். நிலம் எடுப்பது இன்றும் முடியவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வந்த பயிருக்குள் நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டியதைத் தமிழ்நாடே பார்த்தது. மின்சாரம் எல்லாருக்கும் வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும் இந்த வேலையால்தான். ஆனாலும் அந்தப் பயிரைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் மருத்துவ மாணவர்கள் படிப்பதிலும் சமூகவியல் இல்லாமல் இல்லை. எஸ்.பி.எம். என்று அவர்கள் சொல்லும் சமூக மருத்துவப் பாடத்தில் குப்புசாமி அளவுகோல் வரும். உளவியலாளர் பி. குப்புசாமி 1976இல் வெளியிட்டது. குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில், குடும்ப வருமானம் மூன்றுக்கும் புள்ளி போட்டு, குடும்பம் எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்வது. நகரக் குடும்பங்களுக்கென வந்த நல்ல கருவி; அரை நூற்றாண்டாக, வருமான எண்களை அவ்வப்போது திருத்திப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்தத் தாத்தாவை அதில் வைத்துப் பாருங்கள். நிலத்தை இழந்து சுரங்கத்தில் நிரந்தர வேலைக்குப் போனதும் அவருடைய புள்ளி ஏறியிருக்கும். இழந்ததைப் பதிய அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அது அளவுகோலின் குற்றமும் இல்லை. அளந்து முடித்த பிறகு ஒரு கேள்வி கேட்கத் தெரிந்த மாணவர் வேண்டும். நம் பிள்ளைகளை அப்படி வளர்க்கிறோமா என்பதுதான் என் கவலை.

எங்கள் தெருவில் நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். 180 நிமிடம், 180 கேள்வி, 720 மதிப்பெண். இயற்பியல், வேதியியல், உயிரியல். மனிதனின் இதயமும் சிறுநீரகமும் கேள்வித்தாளில் உண்டு. அந்த மனிதன் எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்பது இல்லை. அப்படியானால் நீட்டிலும் ஒரு உளவியல், சமூகவியல் பகுதி சேர்க்கலாமே என்று என்னிடம் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. தமிழ்நாடு மருத்துவத்துக்கான தன் நுழைவுத் தேர்வை 2007 சேர்க்கையிலிருந்து எடுத்துவிட்டு, பத்தாண்டு பிளஸ் டூ மதிப்பெண்ணில் மருத்துவர்களை உருவாக்கிய மாநிலம். 2017இல் நீட் வந்த பிறகு என்ன நடந்தது என்று நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அறிக்கை தந்தது. தமிழ்வழிப் பிள்ளைகளின் பங்கு சரிந்ததும், ஓராண்டு, ஈராண்டு கோச்சிங்கில் உட்கார்ந்து மறுபடி எழுதுபவர்களின் பங்கு கூடியதும் அதில் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. இதன் மேல் இன்னொரு தாளை வைத்தால், மறுநாளே அதற்கும் ஒரு பேட்ச், அதற்கும் ஒரு மெட்டீரியல், அதற்கும் ஒரு கட்டணம். வறுமையைப் பற்றிய கேள்விக்கு வறுமை தெரிந்த பிள்ளையைவிட, கோச்சிங் போன பிள்ளையே அதிக மதிப்பெண் எடுக்கும். சமூகவியலாளர் பூர்தியூ கலாச்சார மூலதனம் என்று விளக்கியது இதைத்தான். அதையே ஒரு தேர்வில் கேட்டு, அதாலேயே பிள்ளைகளைப் பிரிப்பதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

எனக்கு நம்பிக்கை தருவது சேர்ந்த பிறகு நடப்பவை. 2019இலிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நடத்தை, அறம், பேசும் முறை ஆகியவற்றுக்கென்று ஆண்டுதோறும் தொடர்கிற பாடம் இருக்கிறது. அதன் பிறகு குடும்பத் தத்தெடுப்புத் திட்டமும் வந்தது. முதலாண்டிலேயே மாணவர்கள் கிராமத்துக்குப் போய்ச் சில குடும்பங்களை ஏற்றுக்கொண்டு, தொடர்ந்து அந்த வீடுகளுக்குப் போய்வர வேண்டும். நல்ல ஏற்பாடு. ரத்த அழுத்தம் பார்த்து, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கித் திரும்பிவிடாமல் இருந்தால் இதைவிடப் பெரிய சமூகவியல் வகுப்பு கிடையாது. சிதம்பரத்தில் இருக்கும் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து நெய்வேலி எட்டும் தூரம்தான். சுரங்கத்துக்காக இடம் மாறியவர்களின் குடியிருப்புகளுக்கு அந்தப் பிள்ளைகள் வர வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை என்னால் ஆனதைச் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தெருவில் இருக்கிற பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம், கட்டணம் இல்லாமல், எம்கேட்டின் அந்த நான்காவது பகுதியைத் தமிழில் நடத்துகிறேன். "இதுக்கு நீட்ல மார்க் உண்டா டீச்சர்?" என்று பெற்றோர்கள் கேட்டார்கள். இல்லை என்றேன். சிலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு மதிப்பெண்ணில் சீட்டுப் போவதைப் பார்த்தவர்கள் அவர்கள். மிச்சமிருப்பவர்கள் தவறாமல் வருகிறார்கள். டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியிலிருந்தும் சைக்கிளில் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள்.

அப்படி வருகிற ஒரு பெண்ணின் அம்மா முந்திரிக்கொட்டை உடைப்பவர். பண்ருட்டிப் பக்கமெல்லாம் அதுதான் பெண்களுக்கு வேலை. உடைத்த எடைக்குக் கூலி. தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்து, தோல் உரிந்து போகும். சமூகவியலாளர் பார்சன்ஸ் 1951இல் சொன்ன சிக் ரோலை நடத்திக்கொண்டிருந்தேன். நோயாளி என்று சமூகம் ஒப்புக்கொண்டால் வேலையிலிருந்து விலக்குக் கிடைக்கும், பதிலுக்கு அவர் மருத்துவரிடம் போய்க் குணமாக முயல வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு. அந்தப் பெண் கையைத் தூக்கினாள். "எடைக் கூலிக்கு அந்த விலக்கு கிடையாது டீச்சர். எங்கம்மா ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. கையைப் பாத்துட்டு, கழுவிட்டு வரக் கூடாதான்னு அங்க ஒருத்தங்க கேட்டாங்க. அப்புறம் அம்மா போகவே இல்ல. அதுக்கு இந்தப் புத்தகத்துல ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. சமூகவியலாளர் கோஃப்மன் 1963இல் களங்கத்தைப் பற்றி எழுதிய புத்தகம் அதைத்தான் பேசுகிறது: உடம்பில் தெரிகிற ஓர் அடையாளம், அந்த ஆளைப் பற்றிய மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுவது. பார்சன்ஸை நிறுத்திவிட்டு மீதி நேரம் முழுக்க அதைப் பேசினோம். பிறகு அந்த அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள்தான் டாக்டர், முதலில் என்ன கேட்பீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். எத்தனை வருஷமாக உடைக்கிறீர்கள் என்றான் ஒருவன். கையுறை கொடுக்கிறார்களா என்றாள் இன்னொருத்தி. வேலைக்கு முன்னால் சாம்பல் தடவிக்கொள்வீர்களா, எண்ணெய் தடவிக்கொள்வீர்களா என்று ஒரு பையன் கேட்டான். அவன் ஆயாவும் உடைத்தவராம். சாப்பிடும்போது எந்தக் கையில் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டது அந்தப் பெண்ணே. ஏன் அந்தக் கேள்வி என்றேன். "எங்கம்மா ஸ்பூன்ல சாப்பிடுவாங்க டீச்சர். உப்பு பட்டா எரியும்" என்றாள். எல்லாக் கேள்விகளையும் பலகையில் எழுதினேன். அடுத்த ஞாயிறு வரும்போது அம்மாவையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.