இடம் எழுதாத முகவரி

போர்முனையிலிருந்து வரும் கடிதங்களில் போர் இருப்பதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிலிருக்கும் 1971-ஆம் ஆண்டுக் கடிதங்களை வரிசைப்படுத்திப் படித்தபோது எங்களுக்கு அப்படித்தான் பட்டது. பெரியப்பாவின் முகவரியில் ஊர்ப்பெயர் கிடையாது. படைப்பிரிவும் ‘56 ஏ.பி.ஓ.’ என்ற இராணுவ அஞ்சல் குறிப்பும் மட்டுமே. பஞ்சாபிலா, ராஜஸ்தானத்திலா, காஷ்மீரிலா? வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவரோ லீ பஜாரில் துவரம்பருப்பு என்ன விலை என்று விசாரிக்கிறார்.

முதல் உலகப் போரில் பிரான்ஸிலிருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்துக் குறிப்பெடுத்தனர். அவற்றிலிருந்து தேர்ந்தவற்றை டேவிட் ஒமிசி 1999-இல் நூலாக்கினார். இந்தியப் படைகளைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகு என்றும் மறைத்து எழுதியிருக்கிறார்கள். தணிக்கையாளர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். (மண்டிக்காரர்கள் நிறைந்த எங்கள் பேட்டையில் இந்தச் சங்கேதம் ஒரு நாள்கூடத் தாங்கியிராது.)

எங்கள் கடிதங்களுக்குத் தணிக்கை வீட்டிலேயே நடந்தது. அந்த ஐப்பசியில் தாத்தாவுக்குப் பக்கவாதம் கண்டு வலக்கை விழுந்துவிட்டது. பாட்டி சொல்லச்சொல்ல அத்தை எழுதிய கடிதங்களில் “அப்பா சௌக்கியம்” என்றே இருக்கிறது. முன்பெல்லாம் கடிதத்தின் அடியில் தாத்தா தம் கைப்பட ஆசி எழுதுவாராம். டிசம்பர் 3-இல் போர் மூண்டதற்கு முன்னும் பின்னுமாகப் பெரியப்பா அனுப்பிய மூன்று கடிதங்களிலும், பருப்பு விலைக்குக் கீழே, ஒரே வேண்டுகோள்: அப்பாவை இரண்டு எழுத்து எழுதச் சொல்லவும்.

பருப்பு விலையை அத்தை பைசா சுத்தமாக எழுதியிருக்கிறார். மற்றதற்குப் பதிலில்லை.