கூடி வாழும் கல்வி

கல்வி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. எழுத்தறிவு ஒருவனுக்கு நூலைக் காட்டும். கூடி வாழும் அறிவு அவனுக்கு உலகைக் காட்டும். முன்னதைத் தனித்திருந்தும் பெறலாம். பின்னதையோ பலரோடு உண்டு, பலரோடு உழைத்து, கருத்து மாறுபட்டவிடத்தும் மனம் மாறுபடாதிருந்து பெறுதல் வேண்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்தது மணலூர்பேட்டை என்னும் பேரூர். ஆண்டுதோறும் தை 5-ஆம் நாள் அங்கே ஆற்றுத் திருவிழா நிகழும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எழுந்தருளித் தீர்த்தவாரி கொள்வார். சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் திரண்டு வந்து ஆற்றுமணலை நிறைப்பர். பந்தலிடுதல், குடிநீர் வழங்குதல், வழி ஒழுங்கு செய்தல், விழா முடிந்தபின் இடத்தைத் தூய்மை செய்தல் ஆகிய அனைத்தும் ஒருவர் கையால் முடிவனவல்ல. பணியைப் பகுத்துக்கொள்ளாத ஊரில் விழா இனிது நடவாது.

இத்தகைய ஊரில் பிறந்த இளைஞன் ஒருவன் உயர்கல்வி நாடிப் பல்கலைக்கழகத்தை அடைகின்றான் எனக் கொள்வோம். அங்கே மாணவர் விடுதியே அவனுக்கு ஊராகின்றது. உடன் உறைவோரே உறவினராகின்றனர். உணவுக்கு ஒரு குழு, நூலகத்திற்கு ஒரு குழு, விளையாட்டிற்கு ஒரு குழு, தூய்மைக்கு ஒரு குழு என மாணாக்கர் தம்முள் சிலரைத் தேர்ந்து பொறுப்பை ஒப்படைக்கின்றனர். பல கல்லூரி விடுதிகளில் மாதச் செலவு முழுவதையும் கூட்டி, உண்டவர் தொகையால் வகுத்து, ஒவ்வொருவரும் செலுத்தும் முறை உண்டு. அதனை ‘டிவைடிங்’ முறை என வழங்குவர். அம்முறையில் ஒருவன் எறியும் ஒரு பிடிச் சோறு அனைவர் கணக்கிலும் ஏறுகின்றது. தன் செயல் பிறரைத் தாக்கும் என்னும் அறத்தை இதனினும் எளிதாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை.

ஆனர்ஸ் வகுப்பு எனப்படும் சிறப்பு வகுப்பிற் பயில்வோர்க்கு இப்பாடம் பெரிதும் வேண்டற்பாலது. அவர் அறிவிற் சிறந்தோர் எனத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர். அத்தேர்வே சில வேளைகளில் செருக்கிற்கு வித்தாகிவிடும். ‘எண்ணுதல் எமது தொழில், ஏவல் பிறரது தொழில்’ என்னும் நினைவு உள்ளத்திற் புகுந்துவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆனர்ஸ் மாணாக்கர் ஒரே விடுதியில் உறைந்து, தாமே குழுக்கள் அமைத்து, பொதுப்பணியிலும் ஈடுபடும் வழக்கம் காணப்படுகின்றது. சிறந்த கல்வி தொண்டினின்று பிரிந்து நிற்றலாகாது என்பதே அதன் கருத்து.

குழுவமைத்துப் பொதுவினை ஆற்றுதல் தமிழர்க்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலிய குழுக்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையை அவை விரித்துரைக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழந்தனர். பொதுப்பணியில் அமர்வோர் கணக்கிற்குக் கட்டுப்பட்டவர் என்பது அக்காலத்தவர் துணிபு.

கணக்குத் தூயதாயினும் கை உழையாதிருப்பின் கூட்டு வாழ்வு நிறைவுறாது. இவ்வுண்மையை 1915-ஆம் ஆண்டில் வங்கத்துச் சாந்திநிகேதனத்தில் நிகழ்ந்த ஒரு சோதனை விளக்கும்.

கவியரசர் இரவீந்திரநாத தாகூர் 1901-இல் அங்கே பள்ளியைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்கப் பீனிக்ஸ் குடியிருப்பில் காந்தியடிகளோடு வாழ்ந்த இளைஞர் சிலர் அங்கு வந்து தங்கியிருந்தனர். அவர்களைக் காண 1915-இல் காந்தியடிகள் வந்தார். ஆசிரியரையும் மாணாக்கரையும் நோக்கி, கூலிக்கு அமர்த்திய சமையற்காரரை விடுத்து, உணவை நீங்களே ஆக்கிக்கொள்ளலாகாதோ என வினவினார். சிலர் ஐயுற்றனர், சிலர் மகிழ்ந்தனர். புதுமை எதுவாயினும் இளையோர்க்கு இனிதன்றோ! தாகூரிடம் கேட்டபொழுது, ஆசிரியர் இசைவராயின் தமக்குத் தடையில்லை என்றார். சுயராஜ்யத்தின் திறவுகோல் இச்செயலில் உள்ளது என மாணாக்கர்க்கும் உணர்த்தினார்.

மார்ச்சு 10-ஆம் நாள் பணி தொடங்கிற்று. காய் நறுக்க ஒரு குழு. தானியம் புடைக்க ஒரு குழு. சமையற்கட்டையும் சுற்றுப்புறத்தையும் துப்புரவு செய்ய ஒரு குழு. ஆசிரியர்களும் மண்வெட்டி ஏந்தினர். பியர்சன் என்னும் ஆங்கிலேய ஆசிரியர் முழு மனத்தோடு உழைத்தார். பெரிய பாத்திரங்களைத் துலக்குவோர் சோர்வு தெரியாதிருக்கும்பொருட்டு, வேறு சிலர் அருகிருந்து சிதார் வாசித்தனர். கலையும் உழைப்பும் அங்கே ஓரிடத்தில் அமர்ந்தன.

ஆயினும், நூற்றிருபத்தைந்து மாணாக்கரும் அவர்தம் ஆசிரியரும் நாள்தோறும் உடலுழைப்பில் ஒன்றுபட்டு நிற்றல் எளிதாகவில்லை. சிலர் விரைவில் களைத்தனர். சில காலத்திற்குப்பின் அச்சோதனை கைவிடப்பட்டது. அதனால் அதனைத் தோல்வி என்று ஒதுக்குதல் பொருந்தாது. மார்ச்சு 10-ஆம் நாள் ‘காந்தி புண்ணியாகம்’ என்னும் பெயரால் சாந்திநிகேதனத்தில் இன்றும் போற்றப்படுகின்றது. அன்று பணியாளர்க்கு ஓய்வளித்து, மாணாக்கரும் ஆசிரியரும் சமைத்தும் பெருக்கியும் பணிபுரிவர். ஒருநாளேனும் துடைப்பத்தை ஏந்தியவன், நாள்தோறும் அதனை ஏந்துவோரின் அருமையை அறிவான்.

உணவுச்சாலை ஒற்றுமையை வளர்ப்பது போலவே ஒற்றுமையைச் சோதிப்பதுமாகும். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் மாணாக்கர் சிலர்க்குத் தனிப்பந்தி அமைந்ததனால் எழுந்த பூசல், 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழகம் முழுவதையும் கலக்கிற்று. நாட்டுப்பற்றில் முதிர்ந்த சான்றோர் ஒருவர் தோற்றுவித்த நிறுவனமே அப்பூசலால் நிலைகுலைந்தது. பந்தியிற் பிரிந்தோர் பணியில் ஒன்றாதல் அரிது.

நல்வித்து ஓரிடத்தில் வாடினும் மற்றோரிடத்தில் முளைக்கும். சாந்திநிகேதனத்தில் பயின்ற கோ. இராமச்சந்திரன், தம் வாழ்க்கைத் துணைவியார் மருத்துவர் தி.சு. சௌந்தரத்துடன், திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டிக்கு அருகே 1947-இல் காந்திகிராமத்தை நிறுவினார். 1956-இல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் தோன்றிற்று. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. மாணாக்கர் சிற்றூர்களிற் சென்று தங்கி, மக்களோடு பழகி, அவர் நிலையறிந்து பணிபுரிதல் அங்கே கல்வியின் ஒரு கூறாக அமைந்தது.

ஆகவே மாணவர் குழுவில் இடம்பெறுவோர் மூன்றினைக் கடைப்பிடித்தல் வேண்டும். செலவிட்ட காசுக்குக் கேளாமுன் கணக்குக் காட்டுதல் ஒன்று. மாறுபட்ட கருத்தினரையும் பொறுத்துக் கேட்டல் மற்றொன்று. பிறரை ஏவுமுன் தாம் குனிந்து செய்தல் மூன்றாவது. முன்னிரண்டும் அறிவுடையோர்க்கு அரியனவல்ல. மூன்றாவதே அரிது, ஏனையிரண்டிற்கும் உயிர் தருவதும் அதுவே. உணவுக்குழுத் தலைவன் கடைசிப் பந்தியில் அமர்ந்து, எஞ்சியதை உண்டு, எழுந்து, தன் தட்டைத் தானே துலக்கி வைப்பானாயின், அவ்விடுதியில் ஆணைகள் எழுதி ஒட்டவேண்டிய தேவை குறையும்.