மணிமேகலை எங்கே?

2023-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், “பொன்னியின் செல்வன்” திரைப்படத்தின் இரண்டாம் பாகம் வெளியான முதல் வாரத்தில், நம் அன்னையாரைக் கிள்ளான் நகரிலுள்ள திரையரங்கு ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். அவருக்கு அப்பொழுது வயது 87. படம் முடிந்தது, விளக்குகள் எரிந்தன, ஜனங்கள் எழுந்து போயினர். அவர் மட்டும் ஆசனத்தை விட்டு எழவில்லை. உடம்புக்கு ஏதேனும் நேர்ந்ததோ என்று அஞ்சிக் குனிந்து வினவினோம்.

“எனக்கு ஒன்றுமில்லையப்பா. மணிமேகலை எங்கே? அந்தப் பெண்ணைக் காணோமே!” என்றார்.

அவர் கேட்டது காப்பியத்து மணிமேகலையை அன்று. கல்கி படைத்த மணிமேகலையை. கடம்பூர்ச் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவன் மீது அன்பு வைத்து, அவ்வன்புக்கு எந்தக் கைம்மாறும் பெறாமல், இறுதியில் அவன் மடியிலேயே உயிர் விடுகிறவள். ஐந்து பாகங்களாக வளர்ந்த அப்பெருங்கதை அவளுடைய மரணத்தோடுதான் முடிகிறது. திரைப்படத்திலோ அவள் அடியோடு இல்லை.

இதை அன்னையார் எவ்வாறு அறிந்தார் என்று வாசகர் வினவலாம். அவர் எழுத்து அறியாதவர். கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, இளம் வயதிலேயே பால்வாளி தூக்கியவர். “பொன்னியின் செல்வன்” 1950 அக்டோபர் முதல் 1954 மே வரையில் “கல்கி” வார இதழில் வெளிவந்தது. நான்கைந்து குடும்பங்கள் காசு சேர்த்து அவ்விதழை வாங்கின. கப்பல் வந்து, அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்தில் கட்டுகள் இறங்கி, தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும், தோட்டப் பள்ளி ஆசிரியர் மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து உரக்கப் படிப்பாராம். கப்பல் பிந்தினால் கதையும் பிந்தும். இடைப்பட்ட நாள்களில் பால்மரக் காட்டிலும் தண்ணீர்க் குழாயடியிலும் பெண்கள் அக்கதையையே பேசுவார்களாம். நந்தினி நல்லவளா, கெட்டவளா என்பதில் இரண்டு கட்சி பிரிந்து, சில நாள் முகங்கொடுத்துப் பேசாமலிருந்தவர்களும் உண்டாம்.

இங்கேதான் நெடுங்கதையின் நடையைப் பற்றிய கேள்வி பிறக்கிறது. ஒரு கதையின் வேகம் என்பது சம்பவங்கள் எத்தனை விரைவில் நிகழ்கின்றன என்பது மாத்திரமா? கேட்பவர் மனத்தில் ஒரு மனிதர் குடியேறுவதற்கு எவ்வளவு காலம் அளிக்கப்படுகிறது என்பதும் அல்லவா?

கணக்கைப் பார்ப்போம். நூலில் 293 அத்தியாயங்கள். மணிரத்னம் அவர்களின் இரண்டு படங்களும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். ஆக, ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடமும் சில விநாடிகளும் கிடைக்கின்றன. இந்தக் கணக்கில் எவர் நிற்பார், எவர் விழுவார்? அரசுரிமைக்குப் போட்டியிடுகிறவர் நிற்பார், வாளெடுத்தவர் நிற்பார், சதி செய்பவர் நிற்பார். அன்பு செய்வதைத் தவிர வேறொன்றும் செய்யாதவள் விழுவாள். இது படமெடுத்தோரின் குற்றமென்று நாம் சொல்லவில்லை. இரண்டு படங்களுக்குள் அடக்கவேண்டுமென்றால் எவரையாவது விட்டே தீரவேண்டும். ஆனால் வேகம் கூடும்போது முதலில் உதிர்பவர் யாரென்பதைக் கவனிக்க வேண்டும்.

“அப்படியானால் தொலைக்காட்சித் தொடராக எடுத்துவிட்டால் தீர்ந்தது, காலத்துக்குக் குறைவில்லையே!” என்று சிலர் கூறலாம். அவ்வளவு எளிதன்று. சோப்ராவின் மகாபாரதம் 1988 முதல் 1990 வரையில் 94 பகுதிகளில் நிறைவுற்றது. 2013-இல் தொடங்கிய மற்றொரு மகாபாரதத்துக்கு 267 பகுதிகள் ஆயின. அதைத் தமிழ்க் குரலில் நம் வீட்டார் அனைவரும் கண்டோம். கதை ஒன்றே, நீளம் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் பாத்திரங்கள் மூன்று மடங்கு நமக்கு நெருங்கினார்களா? ஒருவர் ஒரு சொல் சொன்னவுடன் சபையிலுள்ளார் அத்தனை பேர் முகத்தையும் இடி முழக்கத்தோடு தனித்தனியே காட்டுவது காலத்தைச் செலவிடுவதேயன்றி, மனிதருக்கு இடமளிப்பது ஆகாது.

மேல்நாட்டாருக்கும் இத்துன்பம் உண்டு. “கேம் ஆப் த்ரோன்ஸ்” தொடர் 2011 முதல் ஆறு சீசன்கள், சீசனுக்குப் பத்துப் பகுதிகளாகப் பொறுமையுடன் நடந்தது. ஜார்ஜ் மார்ட்டின் எழுதிய நூல்கள் ஐந்தோடு நிற்க, தொடர் அவற்றைக் கடந்தது. கடைசி இரண்டு சீசன்கள் ஏழும் ஆறுமாகச் சுருங்கி, 2019-இல் ஓட்டமாக ஓடி முடிந்தன. ஆண்டுக்கணக்கில் நேசித்த பாத்திரங்கள் அரை மணியில் குணம் மாறினரென்று ரசிகர்கள் குமுறினர். “வீல் ஆப் டைம்” என்னும் 14 நூல்கள் கொண்ட மாயக்கதைக்குச் சீசனுக்கு எட்டாக 24 பகுதிகளே வாய்த்தன. 2025-இல் அத்தொடர் பாதி வழியிலேயே நிறுத்தப்பட்டது. அடுத்த சீசன் உண்டோ இல்லையோ என்று அறியாதவன், உள்ளதையெல்லாம் இன்றே காட்டிவிட ஓடுகிறான்.

கல்கிக்கும் இது முற்றிலும் தப்பவில்லை. மூன்றரை ஆண்டுகள் எழுதி முடித்த பின்னும், இன்னார் என்ன ஆனார், அன்னார் என்ன ஆனார் என்று வாசகர் கேட்க, அவர் முடிவுரை எழுதி விடை சொல்ல நேர்ந்தது. நிற்க.

திரையரங்கிலிருந்து திரும்பிய மறுவாரம், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஐந்து பாகங்களையும் வாங்கினோம். இரவுக்கு ஓர் அத்தியாயமாக அன்னையாருக்குப் படிக்கத் தொடங்கினோம். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை மீது வரும் முதல் அத்தியாயத்தைக் கேட்டதும் அவர் முகம் பதினான்கு வயதுச் சிறுமியின் முகமாயிற்று. கார்த்திகையில் நோய் கண்டது. பத்து நாள் மருத்துவமனையில் இருந்து மீண்டார். மருத்துவர் நம்மைத் தனியே அழைத்துச் சொன்னவை நல்ல சொற்கள் அல்ல. அப்பொழுது நாம் நான்காம் பாகத்தில் இருந்தோம். கதை முடியுமுன் அவர் முடிந்துவிடுவாரோ என்னும் அச்சம் நம்மைப் பற்றியது. அதனால் ஒரு கள்ளம் செய்தோம். கடம்பூர் மாளிகையில் விருந்தும் வேட்டையுமாக நடக்கும் அத்தியாயங்கள் சிலவற்றைச் சொல்லாமல் தாண்டி, கரிகாலன் கொலையை நோக்கி விரைந்தோம்.

கால் மணிக்குள் அவர் கையை உயர்த்தினார்.

“எங்கேயோ தாண்டிவிட்டாய். அவர்கள் இன்னும் வேட்டைக்கே போகவில்லையே!”

நாம் வாயடைத்திருந்தோம்.

“நான் போவதற்குள் முடிக்கவேண்டுமென்று ஓடுகிறாயா? குதிரை போகிற வழியை வேண்டுமானால் குறைத்துக்கொள். மனுஷர் இருக்கிற இடத்தைக் குறைக்காதே.”

எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒருமுறை செவியால் கேட்ட கதை! தாண்டிய இடத்துக்கே வெட்கத்தோடு திரும்பினோம்.

நெடுங்கதையைத் தொடராக்குவோருக்கு இதைவிடத் தெளிந்த இலக்கணம் நமக்குத் தெரியவில்லை. பாகத்துக்கு ஒரு சீசனாக ஐந்து சீசன்கள், சீசனுக்குப் பத்துப் பகுதிகள் என்று வைத்தால், பகுதிக்கு ஆறு அத்தியாயங்கள் ஆகும். ஆனால் இப்படிச் சமமாகக் கூறுபோடுவதும் பிழை. மூன்றாம், நான்காம் பாகங்களுக்குத் தலைக்கு 46 அத்தியாயங்கள், ஐந்தாவதற்கோ 91. வழிப்பயணம் பத்து அத்தியாயங்களானாலும் பத்து நிமிடத்தில் கடக்கலாம். கடம்பூர்க் கொலையிரவு ஒன்றுக்கே ஒரு முழுப் பகுதி வேண்டும். மணிமேகலைக்கோ ஒரே காட்சியில் நீண்ட நேரம் தேவையில்லை; பல பகுதிகளில் சிறிது சிறிதாக இடம் வேண்டும். அன்றேல் அவள் இறக்கும்போது எவர் கண் நனையும்? அன்றியும், தொடரை ஒரே நாளில் மொத்தமாக அவிழ்த்துக் கொட்டாமல் வாரம் ஒன்றாகத் தருதல் நலம். குழாயடியில் பேசுவதற்கு ஆறு நாள்கள் இருந்தமையால்தான் அக்கதை லயத்துப் பெண்களுக்குச் சொந்தமாயிற்று.

அடுத்த சித்திரையில் கடைசி அத்தியாயத்தை அடைந்தோம். மணிமேகலை கண் மூடியபோது அன்னையார் அழவில்லை. “சரி, இப்பொழுது சரி” என்று மட்டும் சொன்னார். தமிழ் எழுத்துக் கூட்டவும் அறியாத நம் பேரன், பாட்டியின் கட்டிலருகே கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தான். அவன் கேட்கிறானென்றே நாம் நினைக்கவில்லை. அவனோ, அந்தப் பெண் முதலில் எப்பொழுது வந்தாள் என்று பாட்டியைக் கேட்டான்.

மறுநாள் முதல் பாகத்தை மீண்டும் எடுத்தோம். இம்முறை கேட்பவர் இருவர்.